உங்கள் தண்ணீரில் நான் எதையும் கலக்கவில்லை, நஸீர் பாய்

என் அன்பான நஸீர் பாய்க்கு, ஸலாம்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் பாத்தியாவுக்கு டிரம் யார்டில் எல்லோரையும் அழைத்தார்கள், என்னை மட்டும் அழைக்கவில்லை. போய்விட்டு வருகிறவர்கள் கையில் எனக்கும் ஒரு டப்பா பிரியாணி வரும் என்று டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வீட்டில் மேரி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத்தான் சாப்பிட்டேன். கோபமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கோபம் இருந்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் தண்ணீர் பாட்டிலில் நான் எதையோ கலந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, அதை உண்மையிலேயே நம்பினீர்களா? பதினேழு வருடம் ஒரே டிரம்மில் நின்றவனை அப்படி நினைத்துக்கொண்டேவா போனீர்கள்?

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூருக்கு வெளியே ஒரு டேனரி, தோல் பதனிடுகிற இடம். அதில் நமக்குப் பிக்கிள் வேலை. சுண்ணாம்பிலிருந்து வந்து கழுவி முடித்த ஆட்டுத் தோலை, சுழலும் பெரிய மரப் பீப்பாயான டிரம்மில் போட்டு, முதலில் தண்ணீரும் உப்பும் விடுவோம். உப்பு தோலுக்குள் இறங்கிய பிறகுதான் ஆசிட், அதுவும் மூன்று தவணையாக. உப்பு கம்மியாக இருக்கும்போது ஆசிட் பட்டால் தோல் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஊதிய தோல் எதற்கும் உதவாது, சூப்பர்வைசர் வாயிலிருந்து வசவு மட்டும் கிடைக்கும்.

நம் இரண்டு பேருக்கும் பொருத்தமே கிடையாது என்று யார்டில் சொல்வார்கள். நீங்கள் யாரையும் நம்புவீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்க இறங்குகிற ஆள். நான் கேன் தண்ணீரின் சீலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவன். கடைக்காரர் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் அவர் விரலைத்தான் பார்ப்பேன். நீங்கள் என்னைக் கிண்டல் செய்வீர்கள்.

"நீ உன் நெழலாண்டயே ஆதார் கார்டு கேப்படா அருளு."

நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். உலகத்தில் ஏமாறாமல் இருக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைப்பு. உங்களுக்கும் என்னைப் பற்றி அந்த நினைப்பு இருந்தது, அதுதான் வினையாகிவிட்டது. எது வாங்கினாலும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் என்னிடம் காட்டுவீர்கள். "அருள் பாத்துட்டானா, அப்ப சரி" என்பீர்கள்.

பிரஷர் இருக்கிறது என்று பஜார் டாக்டர் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் வந்தீர்கள். டீ நேரத்தில் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினீர்கள். நீர் பிரிகிற மாத்திரை ஒன்று எழுதியிருந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார், ஊறுகாய், கருவாடு வேண்டாம் என்றார், இரண்டு வாரத்தில் ரத்தம் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியெல்லாம் நான் சொன்னது.

"காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் உப்புல நிக்கறோம் பாய். அவ்ளோ தடிமன் தோலுக்குள்ளயே எறங்குது, நம்ம கால்ல எறங்காதா? நமக்குள்ள ஏற்கெனவே ஜாஸ்தி. கொறைச்சா பத்தாது, சுத்தமா நிறுத்திடுங்க. தண்ணி நெறைய குடிச்சு உள்ள இருக்கறத கழுவித் தள்ளுங்க."

இது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பிக்கிள் வேலை செய்கிற எல்லோரும் பேசுகிற பேச்சு. சாயங்காலம் கால் காய்ந்ததும் ஆடுசதையில் வெள்ளையாகப் பூத்திருக்கும், உதட்டை நக்கினால் கரிக்கும். இவ்வளவு உப்பு மேலே இருந்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் மற்றவர்கள் பேசிவிட்டு மதியம் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நான் சொன்னதை நம்பி அப்போது நிறுத்தியது நீங்கள் ஒருவர்தான்.

ரத்தம் டெஸ்ட் பற்றியும் கேட்டீர்கள். அது டாக்டருக்கும் லேபுக்கும் நடுவில் இருக்கிற ஏற்பாடு, நன்றாகத்தானே இருக்கிறீர்கள், எதற்கு என்றேன். எனக்கு அந்த டாக்டரை முன்பின் தெரியாது. லேப் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வாய் மட்டும் இருந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. ஷெட்டுக்குள் நின்றால் சட்டையைப் பிழியலாம். நீங்கள் உப்பில்லாத சோறும் உப்பில்லாத தால்ச்சாவும் கொண்டு வந்தீர்கள். இரண்டு லிட்டர் பாட்டிலைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கிளம்புவதற்குள் இன்னொன்று என்று காலி செய்தீர்கள். உங்கள் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியைத் தொடவே இல்லை என்று சொன்னபோது, பாய்க்கு எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள் என்று யார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வாரம் உங்களுக்குத் தலைவலி. நடையில் லேசாகத் தள்ளாட்டம். டிரம்மில் உப்புப் போட்டாயிற்றா என்று ஒரே மணி நேரத்தில் மூன்று முறை கேட்டீர்கள். வெயில் பண்ணுகிற வேலை என்று நினைத்தேன். பிறகு தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, பையை இடுப்பில் கட்டிக்கொண்டே வேலை செய்ய ஆரம்பித்தீர்கள். யார் பக்கத்தில் வந்தாலும் திரும்பிப் பார்த்தீர்கள். பஸ்ஸில் பையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆளா இது என்று எனக்கு அப்போது ஏன் தோன்றவில்லை?

அந்த வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தீர்கள்.

"என் தண்ணில இவன் இன்னாவோ கலக்கறான் சார். மூணு நாளா ருசியே வேற மாதிரி கீது. ஆசிட்டு இவன் கையாண்டதான இருக்கு?"

டேனரியில் இது சாதாரணப் பேச்சு இல்லை. ஆசிட் கேன் பத்தடி தூரத்தில் நிற்கிறது. சூப்பர்வைசர் முகம் மாறிவிட்டது. பிக்கிள் தண்ணீருக்கு வைத்துப் பார்க்கிற அதே பிஎச் பேப்பரை எடுத்து உங்கள் பாட்டிலில் நனைத்தார். நிறம் பச்சையிலேயே நின்றது. ஏழு, நல்ல தண்ணீர் என்று உங்களிடம் காட்டினார். நீங்கள் பேப்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். பேப்பரையும் இவன்தான் மாற்றி வைத்திருக்கிறான் என்றீர்கள்.

யாரும் சிரிக்கவில்லை பாய். அதுதான் எனக்கு வலித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கே என்னைச் சுண்ணாம்புப் பக்கம் மாற்றினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சந்தேகப்பட்டேன், எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. உங்கள் தங்கை வீட்டுக்காரர் வேலை தேடிக்கொண்டிருந்தார், அவரைக் கொண்டுவந்து என் இடத்தில் நிறுத்துவதற்குத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டினேன். டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னேன். அதில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மேரிதான் நம்பவில்லை. "பாய் அப்டி பேசற ஆளில்லயே. ஒடம்புக்குத்தான் இன்னாவோ ஆயிருக்கு. போய் ஒருவாட்டி பாத்துட்டு வாங்க" என்றாள். அவமானப்பட்டவன் நான், நான் ஏன் போக வேண்டும் என்று கத்தினேன். ஐந்து நாள் போகவில்லை. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான்.

ஆறாவது நாள் காலையில் உங்களுக்கு வலிப்பு வந்து வேலூருக்கு எடுத்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உங்கள் தங்கை வீட்டுக்காரர் என்னை உள்ளே விடவில்லை. உங்கள் வீட்டு பாபி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அது இன்னும் தப்பாகப் போயிற்று. நான்காம் நாள் நீங்கள் மவுத்தாகிவிட்டீர்கள். கப்ருஸ்தானில் எல்லோருக்கும் பின்னால் நின்று, கடைசியாக ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஓரடி நகர்ந்தார்.

இப்போது யார்டில் என் பக்கத்தில் யாரும் தண்ணீர் பாட்டில் வைப்பதில்லை. உங்கள் இடத்துக்கு வடக்கிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவரும் என்னைக் கண்டால் மூடியைத் திருகுகிறார். யார் அவருக்கு எந்த பாஷையில் சொன்னது? சுண்ணாம்புப் பக்கம் பேச்சு நின்றால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். சிரித்தாலும் அப்படித்தான். இரண்டு மாதமாக நான் சாப்பிடும்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

மேரியின் தங்கை ஸ்டெல்லா ஞாபகம் இருக்கிறதா? நர்ஸ். நீங்கள் இருந்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அவள் பாதியிலேயே நிறுத்தி, மாத்திரை, தண்ணீர், சாப்பாடு, நடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் கேட்டாள்: "அவரு எப்பவும் சந்தேகப்படற ஆளா மாமா, இல்ல இப்பத்தான் திடீர்னா?"

ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், தண்ணீர் மூளைக்குள் இறங்கி மூளை ஊதுமாம். தலைவலி, தள்ளாட்டம், மறதி வரும். சில பேர் பெற்ற பிள்ளையையே திருடன் என்பார்களாம். அப்புறம் வலிப்பு. ஊதுவது என்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது, உப்பு கம்மியான டிரம்மை நாம் பார்க்காததா? வியர்வையில் உப்பு போகும், அந்த மாத்திரையும் உப்பை வெளியே தள்ளும், சாப்பாட்டிலும் இல்லை, மேலே ஆறு லிட்டர் தண்ணீர். காகிதத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அப்படித்தான் தெரிகிறது என்றாள்.

வலிப்பு நின்ற பிறகு பாய் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார் என்று யார்டில் பேசிக்கொண்டதையும் சொன்னேன். வலிப்பில் தசையெல்லாம் முறுக்கி ரத்தத்தில் ஆசிட் ஏறும், உடம்பு அதை மூச்சு வழியாக வெளியே தள்ளப் பார்க்கும் என்றாள். நம் ரத்தத்துக்கும் பிஎச் உண்டாம். இம்மி மாறினாலும் நுரையீரலும் கிட்னியும் சரிசெய்யப் பார்க்குமாம். நமக்குள் இவ்வளவு வேலை நடப்பது தெரியாமல்தான் பேப்பரை வைத்துக்கொண்டு நின்றோம்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷம் வந்தது. நீங்கள் போன துக்கத்துக்கு நடுவில் வெட்கமில்லாத சந்தோஷம். பேசியது பாய் இல்லை, அந்த நோய் என்று மேரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஸ்டெல்லா கேட்டாள், குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டியதுதானே, அவர் ஏன் ஒரேயடியாக நிறுத்தினார் என்று.

நாம் பேசுகிற பேச்சை அவளிடம் சொன்னேன். கால் வழியாக உப்பு ஏறும் என்று.

"செத்த தோல்லதான் மாமா எறங்கும். உசுரோட இருக்கற தோலு உள்ள விடாது."

பதினேழு வருடம் தோலைக் கையில் பிடித்தவனுக்கு இது தெரியவில்லை. நிறுத்தச் சொன்னது யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். மேரிக்குத் தெரியும், அவளும் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தால் வாசலில் பாபி நிற்கிறார்கள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். மேரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைப் பார்த்தார்கள், தொடவில்லை.

"நிஜத்த சொல்லுங்க தம்பி. அவரு தண்ணில இன்னா கலந்தீங்க?"

ஒன்றும் கலக்கவில்லை பாபி என்றேன். ஃபைலை வாங்கி சோடியம் என்று எழுதியிருந்த வரியைத் தேடிக் காட்டினேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டிருந்தது. உடம்பில் உப்பு இறங்கிப்போய்தான் பாய் அப்படிப் பேசினார், வலிப்பும் அதனால்தான், அந்த மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது என்று படித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஏன் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள், உப்புதான் இல்லை என்றால் மொத்தமாக ஏற்றியிருக்கலாமே என்று அவர்களுக்கு அங்கேயும் ஒரு சந்தேகம். அவசரமாக ஏற்றினாலும் மூளை கெடும் என்று ஸ்டெல்லா சொன்னதைச் சொன்னேன். நாமும் ஆசிட்டை ஒரேயடியாக விடுவதில்லை என்பதையும் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே அவர்கள் முகத்தைப் பார்த்தேன் பாய். உப்பில்லாமல் சமைத்த கை அந்தக் கைதான். என் மேல் இருந்த பழி நகர்ந்து அவர்கள் மடியில் போய் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் சுத்தம். ஒரு நிமிடம் நிறுத்தவும் செய்தேன், அதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

அவர்களாகவே பேசினார்கள். உங்களுக்கு நாக்கு செத்துப்போகிறதே என்று இரண்டு நாள் தெரியாமல் சோற்றில் உப்புப் போட்டார்களாம். இரண்டாம் நாள் நீங்கள் கண்டுபிடித்து, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று தட்டைத் தள்ளிவிட்டீர்களாம். அதற்குப் பிறகு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். இருபத்தாறு வருடம் அவர்கள் கையால் சாப்பிட்டீர்கள், எப்படிப் பாய் அந்த வார்த்தை வந்தது? அதுவும் உப்பு கம்மியாகி வந்த வார்த்தைதானா?

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை பாபி, நான்தான், ரத்தம் டெஸ்ட்டும் வேண்டாமென்றேன் என்று சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. மேரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாபி ஃபைலை என் கையிலிருந்து வாங்கி மூடினார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள். "தெரியும் தம்பி. நீங்க தண்ணில கலக்கறீங்கன்னு ஒரு பக்கம் சொல்வாரு. உப்பு போடறேங்கன்னு நான் கெஞ்சினா, அருள் வேணாம்னு சொல்லிட்டான், அவனுக்குத் தெரியாதான்னு கேப்பாரு. நான் போட்ட உப்ப நம்பல. நீங்க சொன்னத கடைசி வரைக்கும் நம்பினாரு."

எழுந்திருக்கும்போது டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

ஆக, நான் கேட்க வந்ததற்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாக இந்தப் பதிலுக்காகத்தான் தவித்தேன். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டபடியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் பாய். என்னைக் கொஞ்சம் முன்னாலேயே சந்தேகப்பட்டு அந்த டாக்டரிடம் திரும்பப் போயிருந்தால் இன்றைக்கு நீங்கள் டிரம் பக்கத்தில் நின்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பீர்கள்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் யார்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் பாய்க்கு என்ன சொன்னேன், அது ஏன் தப்பு என்பதை. நம்மோடு இருக்கிற ராஜேந்திரனும் உங்களை மாதிரியே மாத்திரை சாப்பிடுகிறவர், உங்களைப் பார்த்து அவரும் உப்பை நிறுத்தியிருக்கிறார், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அன்னிக்கு வேற மாதிரி சொன்ன, இன்னிக்கு மாத்திச் சொல்ற, உன்ன எப்டி நம்பறது?" என்று கேட்டார். நம்பாதீர்கள் என்றேன். என்னை நம்பாமல் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன்.

நாளை சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த பஜார் டாக்டரிடம் போகிறேன். உள்ளே அவர் தனியாகத்தான் போவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அவர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன், லேப் எங்கே என்று கேட்டு அழைத்துப்போவதோடு சரி. இனி யார் உடம்பைப் பற்றி எது கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். இது உங்கள் மேல் ஆணை.

இப்படிக்கு,
நீங்கள் கடைசி வரைக்கும் நம்பிய தம்பி,
அருள்